தாம்பரத்தில் ஓர் இளவேனில் நாள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

வசந்தம் எப்போது வருகிறது? இக்கேள்வியை நம் கல்லூரி நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் விடாமல் சிரித்தனர். "சென்னையில் வசந்தமா? இங்கே வெயில், கடும் வெயில், கத்திரி வெயில் என்று மூன்றே பருவம்தான். நடுவில் கொஞ்சம் வெள்ளம் வரும்" என்றார் வேதியியல் பிரிவு நண்பர் ஒருவர். வசந்தம் என்பது ஆங்கிலப் பாடநூலில் வருவது. அங்கே பனி உருகும், மஞ்சள் மலர்கள் பூக்கும். நாம் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவோம். அது நமக்குரிய பருவம் அன்று என்பதே நம்மில் பலருடைய எண்ணம்.

சென்ற ஆண்டு வரை எனக்கும் அதே எண்ணம்தான். இப்போது அப்படி இல்லை. தாம்பரத்துக்கும் ஓர் இளவேனில் உண்டு. அது மாசி நடுவில் வந்து பங்குனி முடிவதற்குள் போய்விடுகிறது. அது வருவதற்குத் தெளிவான காரணங்களும் உண்டு. அவற்றை என்னால் இயன்றவரை விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பேராசிரியப் பெருமக்கள் பிழை பொறுத்தருள்க.

இந்த விளக்கத்தைத் தேடும்படி செய்தவர் என் அம்மா. எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ளது. அப்பா கொத்தனார். அம்மா மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலை பார்க்கிறார். இருவருக்கும் வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல். அதனால் வங்கிப் படிவம் நிரப்புவதானாலும், மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சென்ற ஆண்டு மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் நின்று எங்கள் புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தார். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு பள்ளியில் கொடுத்த கன்று அது. இன்று மாடியைத் தாண்டி நிற்கிறது.

"மழை நின்னு ரெண்டு மாசம் ஆவுது. யாரும் ஒரு குடம் தண்ணி ஊத்தல. இது மட்டும் எப்படிடா இப்படிப் பச்சப்பசேல்னு துளிர் விடுது? நீ மரம் செடி படிப்புதானே படிக்கிற, சொல்லேன்" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. ஒளிச்சேர்க்கை, பச்சையம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அம்மா மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு, "சரி, போய்ச் சாப்பிடு" என்று உள்ளே போய்விட்டார். அவர் கேட்டது மரம் எப்படி உணவு தயாரிக்கிறது என்பதன்று. தண்ணீர் இல்லாத காலத்தில் எதற்காகத் துளிர்க்கிறது என்பதே. பத்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மா கேட்ட கேள்வி நான் படித்த பாடத்தைவிடக் கூர்மையானது என்பது எனக்கு அன்றிரவுதான் உறைத்தது.

அந்தக் கேள்வியை ஓராண்டு சுமந்து திரிந்தேன். இதற்கிடையே இவ்வாண்டு தைப் பொங்கல் கழிந்ததும் அப்பா ஒரு முடிவெடுத்தார். ஒற்றை அறையும் சமையற்கட்டும் கொண்ட எங்கள் வீட்டில் நான் படிக்க இடமில்லை. ஆதலால் முன்புறம் ஓர் அறை கட்டி, மேலே சிமெண்டு ஷீட் போடுவது என்றார். மரம் குறுக்கே நிற்கிறது. "சித்திரை பொறந்ததும் வெட்டிடலாம்" என்றார். எனக்காகத்தான் வெட்டுகிறார், நான் என்ன சொல்வது?

இனி, இவ்வாண்டு மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

பஞ்சாங்கமும் பம்பரமும்

காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் மெல்லிய மூடுபனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வானில் மேகமில்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தைத் தடையின்றி விண்வெளிக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் பனித்துளியாகிறது. மேகம் என்பது நிலத்துக்குப் போர்வை மாதிரி. அது விலகும் மாதங்களில் பனி விழும். அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் ஐந்து மணிக்கே எழுபவரை ஏழு மணிக்குப் படுக்கையில் பார்ப்பதே எங்களுக்கு ஒரு விடுமுறைக் காட்சி.

எங்கோ ஒரு குயில் கூவியது. குயில் வசந்தத்தில் எங்கிருந்தோ வருகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறது. குளிர்காலத்தில் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவே. கூவுவது கரிய ஆண் குயில். காகங்கள் கூடு கட்டும் காலம் நெருங்குகிறது, அந்தக் கூட்டில் முட்டையிட வேண்டிய பெட்டையை அது இப்போதே அழைக்கத் தொடங்கிவிடுகிறது. கவிஞர்கள் குயிலை எவ்வளவு போற்றினாலும் காகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நம் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுக்கிறது. அதில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியுமே இளவேனில். அப்படியிருக்க மாசியை இளவேனில் என்று நான் எப்படிச் சொல்லலாம்? தமிழ்த்துறை நண்பர்கள் சண்டைக்கு வருமுன் விடை சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் தாம்பரத்தில் இருந்து பாருங்கள். கத்திரி வெயில் அப்போதுதான். அதை இளவேனில் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. இலக்கணம் எழுதிய முன்னோர் வெயில் தெரியாதவர்களா? இல்லை.

சுழலும் பம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தன்னைத்தானே சுற்றும்போதே அதன் தலையும் மெதுவாக ஒரு வட்டம் போடும். பூமியின் அச்சும் அப்படித்தான் தலையாட்டுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இதைக் கண்டறிந்தார். பருவங்கள் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளைப் பொறுத்தவை. நம் பஞ்சாங்கமோ விண்மீன்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. இரண்டுக்கும் ஆண்டொன்றுக்குச் சுமார் 20 நிமிட வேறுபாடு. 20 நிமிடம் என்ன பெரிய காரியம் என்று தோன்றும். ஆனால் ஏறத்தாழ 72 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடுகிறது. இன்று சூரியன் நிலநடுக்கோட்டைக் கடப்பது மார்ச் 20 அல்லது 21-இல். சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14-இல். இடையே 24 நாட்கள். கணக்குப் போட்டால், ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கும். அதாவது இன்றைய பங்குனியின் பெரும்பகுதி அன்று சித்திரையாக இருந்திருக்கும்!

விடுதலைக்குப் பின் 1952-இல் மேகநாத சாகாவின் தலைமையில் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இந்த இடைவெளியைத்தான் சுட்டிக்காட்டியது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் சைத்திரம் மார்ச் 22-இல் தொடங்குகிறது. அரசிதழில் அந்தத் தேதி இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி மட்டும் இன்னும் விண்மீன் பக்கம்தான்.

இதனால் மட்டும் கணக்கு முழுதும் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுவான இலக்கணம் தாம்பரத்துக்கென்று எழுதப்பட்டதன்று. ஊருக்கு ஊர் கடலும் மலையும் பருவத்தைச் சற்று முன்னும் பின்னும் தள்ளும்.

மாடியில் வடகம்

எட்டு மணிக்கெல்லாம் மூடுபனி கலைந்தது. அம்மா முன்னாளிரவே கிளறி வைத்திருந்த அரிசிக் கூழை மாடிக்கு எடுத்துப் போனோம். அப்பாவின் பழைய வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்தோம். அம்மா கரண்டியால் ஊற்றி ஊற்றி வட்டமாகத் தேய்க்க, காகம் விரட்டுவது என் பொறுப்பு. மேகமில்லாத வானம், வெயிலில் உறைப்பு, காற்றில் ஈரம் குறைவு. இம்மூன்றும் ஒன்றுகூடும் காலம் இதுதான். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடுகிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பெய்வது பெயரளவுக்குத்தான். எந்த ஆய்வறிக்கையும் படிக்காமல் நம் தாய்மார்கள் இந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

வெயில் உறைத்தாலும் ஏன் சுடவில்லை? நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 22 நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 54 பாகை உயரத்தில்தான் நிற்கும். மார்ச் 21-இல் 77 பாகை. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அப்போது மாடியில் நின்றால் நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். மாசிக் கடைசியில் சூரியன் இந்த ஏணியின் நடுப்படியில் இருக்கிறது. நிலமும் கடலும் இன்னும் முழுதாகச் சூடேறவில்லை.

பன்னிரண்டு மணிக்குமேல் வேட்டியின் ஓரம் படபடத்தது. "காத்து வந்துடுச்சு" என்றார் அப்பா, கீழிருந்தே. கடற்காற்று! நிலம் விரைவில் சூடேறும், கடல் மெதுவாகச் சூடேறும் என்ற பள்ளிப் பாடத்தை நான் இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. பாடத்தில் இல்லாத செய்தி ஒன்றுண்டு. தாம்பரம் கடலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நீலாங்கரையில் புறப்பட்ட காற்று எங்களை எட்டச் சிறிது நேரம் பிடிக்கும். மாசி, பங்குனியில் பொதுவாக வீசும் காற்றே கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவதால், கடற்காற்றுக்கு முதுகில் கைவைத்துத் தள்ளிவிட ஆள் கிடைக்கிறது, நண்பகலுக்குள் வந்துவிடுகிறது. மே, ஜூனில் மேலைக்காற்று எதிர்த்து நிற்கும். கடற்காற்று பிற்பகல் தாண்டித்தான் நுழையும், சில நாட்களில் நுழையவே நுழையாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவாகிச் சென்னையே தவித்ததே, அதுபோன்ற நாட்களின் கதை இதுதான். காற்று ஒரு மணி நேரம் முன்னே வருவதும் பின்னே வருவதும்தான் எங்களுக்கு இளவேனிலையும் கோடையையும் பிரிக்கும் கோடு. சாரத்தின் மேல் நின்று பூச்சு வேலை செய்யும் அப்பாவுக்கு அந்தக் கோடு நன்றாகத் தெரியும். மழை மாதங்களில் வேலை கிடைக்காது. சித்திரையில் வேலை இருக்கும், உடம்பு தாங்காது. கைநிறைய வேலையும் தாங்கக்கூடிய வெயிலும் அவருக்குக் கிடைப்பது இந்த ஆறேழு வாரங்களில்தான்.

அம்மாவுக்குச் சொன்ன விடை

வடகம் காயட்டும் என்று கீழே இறங்கி மூவரும் புங்கமர நிழலில் அமர்ந்தோம். மண்பானை மோர், நேற்றைய மீன்குழம்பு, சுடுசோறு. பத்து நாட்களுக்கு முன் மொட்டையாக நின்ற மரம், இப்போது எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று இளம்பச்சை இலைகளோடு நின்றது. எதிர் வீட்டு வேம்பு இன்னும் இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. நுனிகளில் மட்டும் செம்புநிறத் தளிர். அம்மா மேலே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இம்முறை நான் தயாராக இருந்தேன்.

குளிர்நாடுகளில் வசந்தத்தைத் திறக்கும் சாவி வெப்பம். உறைந்த மண் உருகினால்தான் மரம் துளிர்க்க முடியும். நம் மரங்களுக்கு வெப்பம் என்றுமே குறைவில்லை. இங்கே சாவி தண்ணீர். அப்படியானால் மழைக்காலத்தில் அல்லவா துளிர்க்க வேண்டும்? இதுதான் அம்மாவின் கேள்வி. உலகெங்கும் வெப்பமண்டல வறண்ட காடுகளை ஆராய்ந்தவர்களையும் இக்கேள்வி குடைந்திருக்கிறது. மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிக்கா நாட்டில் ரோல்ஃப் போர்கெர்ட் என்ற தாவரவியலாளர் மரங்களின் தண்டுக்குள் இருக்கும் நீரையும் வேர் எட்டும் மண்ணீரையும் அளந்து, 1994-இல் ஒரு விடையை வெளியிட்டார். மழையின்மையை மரம் நேரடியாக உணர்வதில்லை. வேர் எட்டும் இடத்தில் நீர் இருக்கிறதா, தண்டில் நீர் நிறைந்திருக்கிறதா என்பதே அதற்குக் கணக்கு.

இதை அம்மாவுக்கு இப்படிச் சொன்னேன். "பழைய இலையெல்லாம் ஓட்டைக் குடம் மாதிரிம்மா. வேர் எடுக்கிற தண்ணியை ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும். மரம் அதைக் கொட்டிடுது. செலவு நின்னுபோச்சா, வேர் உறிஞ்சுற தண்ணி தண்டுலேயே சேருது. சேர்ந்ததும் புது இலை விடுது." புங்கத்துக்கு ஆழமாக இறங்கும் ஆணிவேர் உண்டு. எங்கள் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை. அதன் இடுக்குகளில் ஐப்பசி, கார்த்திகை மழை தங்கி நிற்கிறது. (அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையும், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லும் ஒரே வகை என்று கண்டு தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர். நம்மூர்க் கல்லுக்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர் வாய்த்த விந்தை இது.) எங்கள் கிணற்றில் மாசியில் கயிறு பாதிதான் இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் மரமும் குடிக்கிறது.

"தண்ணி இருக்குன்னா சரி. மழையில பொறுமையா துளிர்க்கலாமே, இப்ப என்ன அவசரம்?" என்றார் அம்மா. பார்த்தீர்களா, மறுபடியும் சரியான கேள்வி!

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே விடை தேடியிருக்கிறார்கள். முதுமலைக் காட்டில் மரங்களின் தளிர்க்கும் காலத்தைக் கவனித்த கே.எஸ். முரளி, ஆர். சுகுமார் ஆகிய இருவரும் 1993-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். மழைக்கு முன், வறண்ட காலத்திலேயே துளிர்த்த மரங்களின் இலைகளைப் பூச்சிகள் குறைவாகவே தின்றிருந்தன. மழையோடும் மழைக்குப் பின்னும் துளிர்த்த மரங்களுக்குச் சேதம் அதிகம். தளிர் மென்மையானது, சத்து மிக்கது, புழுவுக்கு விருந்து. பூச்சிகள் பெருகும் மழைக்காலம் வருமுன் இலை முற்றித் தடித்துவிட்டால் மரம் தப்பித்தது. வேம்பின் தளிர் செம்புநிறமாக இருப்பதும் ஒருவகைத் தற்காப்பே. அந்தச் சிவப்பு நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். இன்னும் முதிராத இலையைக் கடும் வெயிலிலிருந்து அது காக்கிறது.

நீளும் பகலும் ஒரு காரணம் என்பர். இங்கே பகல் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே முக்கால் மணி நேரமே கூடுகிறது. இவ்வளவு சிறிய மாறுதலையும் சில வெப்பமண்டல மரங்கள் உணர்ந்துகொள்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்பா அதுவரை பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே ஓர் இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்து, "பூச்சி வராதுன்ற. இன்னும் ஒரு மாசத்துல இந்த இலை பூரா கொப்புளம் கொப்புளமா ஆயிடுமே, அது என்ன?" என்றார். உண்மைதான். புங்க இலையில் விரல்நுனி போல் முளைக்கும் அந்தக் கொப்புளங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனின் வேலை. மரம் எல்லாரிடமிருந்தும் தப்பிவிடுவதில்லை. என் விளக்கத்தில் அப்பா ஒரு ஓட்டை போட்டுவிட்டார். எனக்கென்னவோ அதில் மகிழ்ச்சிதான்.

நிழல் ஏன் குளிர்கிறது என்றும் சொன்னேன். மரத்தடி வெறும் வெயில் மறைப்பன்று. ஒரு கிராம் நீர் இலையிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இலை விட்ட புங்கம் கிணற்று நீரை ஏற்றி, ஆவியாக்கி, நாள் முழுதும் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது. சிமெண்டு ஷீட் அப்படிச் செய்யாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அறை எனக்காக அல்லவா!

ஏரிக்கரை

மாலை ஐந்து மணிக்குச் செம்பாக்கம் ஏரிக்கரைக்கு நடந்தோம். மூவரும் ஒன்றாக நடந்து எத்தனை மாதமாயிற்று என்று அம்மா கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். ஏரியின் ஒரு பக்கம் ஆகாயத்தாமரை; மறுபக்கம் தெளிந்த நீர். முக்குளிப்பான்கள் மூழ்கி எழுந்தன. கோரைப்புல்லின் ஓரத்தில் நீலத்தாழைக்கோழி ஒன்று நெடிய காலை எடுத்து எடுத்து வைத்து நடந்தது. இந்த ஏரி நிரம்பினால் உபரிநீர் நன்மங்கலம் ஏரிக்குப் போய், அடுத்தடுத்த ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் வாத்துகள், இந்த வாரங்களில்தான் வீடு திரும்ப ஆயத்தமாகின்றன. நமக்கு இளவேனில் தொடங்கும்போது அவற்றுக்குப் பயணம் தொடங்குகிறது.

கரையில் அமர்ந்தபோது பேச்சு வெள்ளத்தின் பக்கம் திரும்பியது. 2015 டிசம்பர் முதல் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும் இடையே 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நான் அப்போது சிறுவன். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, மார்பளவு நீரில் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நடந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 2019-இல் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. எங்கள் கிணறும் வறண்டது. அம்மா இரவு ஒரு மணிக்குக் குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்தார். அந்த ஆண்டு பங்குனியில் புங்கமரம் துளிர்த்ததா, எப்போது துளிர்த்தது? யோசித்துப் பார்த்தோம். மூவருக்கும் நினைவில்லை. நிச்சயம் துளிர்த்திருக்கும், இல்லையேல் இன்று இருக்காது. ஆனால் முன்னேயா பின்னேயா, முழுதாகவா பாதியா என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரம் பூத்த நாள் பற்றிய குறிப்புகள் கி.பி. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அரண்மனை நாட்குறிப்புகளிலும் பிறவற்றிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2021-இல் அங்கே மார்ச் 26 அன்றே மரங்கள் முழுதாகப் பூத்தபோது, அதுவரை கிடைத்த 1200 ஆண்டுக் கணக்கில் அதுவே மிக முந்தியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நம் நாட்டிலும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்கள் வாரம் ஒருமுறை ஒரு மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் என்று குறித்து அனுப்புகிறார்கள். அடுத்த பக்கத்திலேயே நமக்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்தில் இன்று அடர்ந்து நிற்கும் மரங்களில் பலவற்றை நட்டு வளர்த்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் தாவரவியல் பேராசிரியர் அல்லர், வேதியியல் பேராசிரியர்! வேளச்சேரிச் சாலையில் பேருந்தில் போகும்போது அந்த மதிலுக்கு மேலே தெரியும் பச்சையைப் பாருங்கள். (நான் முதலில் சொன்ன வேதியியல் நண்பர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.)

நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் எங்கள் புங்கம் கடைசி இலையை உதிர்த்த நாள், முதல் தளிர் விட்ட நாள், முதல் குயில் கூவிய நாள், கடற்காற்று வந்த மணி ஆகியவற்றை எழுதியிருக்கிறேன். நம் கல்லூரி வளாகத்தில் உள்ள புங்கம் எங்கள் வீட்டு மரத்துக்கு நான்கு நாள் பின்னே துளிர்த்தது. காரணம் இன்னும் தெரியவில்லை. தெரிந்த நண்பர்கள் சொன்னால் கடமைப்பட்டிருப்பேன்.

இருட்டும் வேளையில் வீடு திரும்பினோம். வடகம் ஒரு பக்கம் காய்ந்திருந்தது. அம்மா அதை மடித்து உள்ளே எடுத்து வைத்தார். அப்பா வாசலில் நின்று மரத்தின் அடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். வாசல் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. முன்பு மரத்தின் குறுக்கே போன கோடு, இப்போது மரத்திலிருந்து மூன்றடி தள்ளி வளைந்து வீட்டுச் சுவரில் போய் முட்டியது. அன்றிரவு சாப்பிடும்போதுதான் அப்பா பேச்செடுத்தார்.

"ரூம் சின்னதாயிடும் தம்பி. கட்டில் போட்டா மேசை போட முடியாது. மேசை போட்டா கட்டில் கெடையாது. எது வேணும்னு இப்பவே சொல்லிடு."

மேசை என்றேன்.